நீர் எடுத்த நேரமும் கருத்தரங்கின் நேரமும்

பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் துறைகளில் நடைபெறும் கருத்தரங்கின் முதற்பணி, களத்திலும் ஆய்வகத்திலும் அளந்து பெற்ற தரவுகளைத் துறை அறிந்தோர் முன்னிலையில் வைத்து, அவை எவ்வாறு பெறப்பட்டன, எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று வினவி அறிவதாகும். விழிப்புணர்வு ஊட்டுதல், உறுதிமொழி ஏற்றல், மரக்கன்று நடுதல் ஆகியவை வேறு நிகழ்ச்சிகளுக்கு உரிய நற்பணிகள். அவற்றைச் செய்வதற்கு நாட்டு நலப்பணித் திட்டமும் மாணவர் மன்றங்களும் இருக்கின்றன. தரவை வினவும் பணிக்கோ கருத்தரங்கைத் தவிரப் பல்கலைக்கழகத்தில் வேறு இடம் இல்லை. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஆய்வு முடிந்த பின்னர் வருவது. அளவீட்டில் பிழை இருந்தால் அப்போது மீண்டும் களத்துக்குச் செல்ல வழியில்லை. இதழுக்கு அனுப்பும் கட்டுரையை மதிப்பிடுவோர் அட்டவணையைப் பார்க்கிறார்களே தவிர, மாதிரி எடுத்தவரை நேரில் பார்ப்பதில்லை.

இந்த முதற்பணி பின்னுக்குச் சென்றதற்குப் பல காரணங்கள் உண்டு. சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் பணித்தது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து, அதில் களப்பணிக்கும் இடமளித்தது. இது நாட்டின் கல்வி வரலாற்றில் பெரிய முன்னேற்றம். ஆனால் ஆசிரியர் பதவி உயர்வுக்கான விதிமுறைகளில் 2010-ல் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் புள்ளிகள் வழங்கப்பட்டபோது, கட்டுரை வாசிப்பது நோக்கமாகவும் வினவுவது இடையூறாகவும் மாறத் தொடங்கியது. இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு என்ற வடிவம் அதன் பின்னரே எங்கும் வேரூன்றியது: தொடக்க விழாவில் முற்பகல் கழிகிறது, பிற்பகலில் இணை அமர்வுகளில் ஒருவருக்கு 8 அல்லது 10 நிமிடம் கிடைக்கிறது, நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது வினா நேரமாகவே இருக்கிறது. 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளும் அழைப்பிதழ்த் தலைப்புகளில் இடம்பிடித்து, ஒரே அரங்கில் எல்லாவற்றையும் பேசும் வழக்கத்தை வலுப்படுத்தின. இவற்றில் எந்த ஒன்றும் தனிமனிதர்களின் குறையன்று. ஆயினும் இழப்பு உண்மையானது, அதை ஓர் எடுத்துக்காட்டால் அருகிலிருந்து காண்பது நலம்.

ஏரிநீரின் தரத்தைச் சொல்லும் அளவீடுகளில் அடிப்படையானது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவு. மீனும் பிற நீர்வாழ் உயிர்களும் மூச்சுவிடுவது இதைக் கொண்டே என்பதால், அளவு கூடுதலாக இருந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்று மாணவர்கள் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். நகரக் கழிவுநீர் கலக்கும் ஓர் ஏரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பதாக ஓர் அட்டவணை காட்டுகிறது என்று கொள்வோம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நன்னீர் காற்றுடன் சமநிலையில் இருக்கும்போது கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அதற்கு மேற்பட்ட அளவு காற்றிலிருந்து வந்திருக்க இயலாது. கழிவுநீர் தரும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு பெருகிய பாசிகள் நண்பகல் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து வெளியிட்டது அது. இரவில் அதே பாசிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிட்டு மூச்சு மட்டும் விடுவதால், விடியுமுன் அந்த அளவு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து தவிப்பதையும் செத்து மிதப்பதையும் அவர்கள் காண்பது விடியற்காலையில்தான். ஆகவே 11 என்ற எண் ஏரியின் நலத்துக்குச் சான்றன்று, நோய்க்கே சான்று.

இதைக் கண்டுபிடிக்கக் கருத்தரங்கில் ஒரே ஒரு கேள்வி போதும்: நீர் எடுத்தபோது மணி என்ன? துறையின் வாகனம் காலை 9 மணிக்குப் புறப்பட்டு 11 மணிக்குக் கரையை அடைகிறது, முதல் மாதிரி நண்பகலை ஒட்டியே எடுக்கப்படுகிறது, மாதந்தோறும் இதுவே நடக்கிறது என்றால், ஓராண்டுத் தரவு முழுவதும் அந்த ஏரியின் நண்பகலை மட்டுமே அறியும். இக்கேள்விக்குப் பின்னே வேறு கேள்விகளும் வரிசையாக வருகின்றன. விங்க்ளர் முறையில், கண்ணாடி அடைப்பானுள்ள 300 மில்லிலிட்டர் குப்பியில் காற்றுக்குமிழி நுழையாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே சேர்த்து, ஆக்சிஜனைப் பழுப்பு நிற வீழ்படிவாகப் பிணைத்துவிட வேண்டும். அவ்வாறு பிணைக்காமல் ஆய்வகம் வரை கொண்டுவந்தால், வழியில் குப்பிக்குள் உள்ள நுண்ணுயிர்களே ஆக்சிஜனைச் செலவழித்துவிடும். கழிவுநீர் கலந்த ஏரியில் நைட்ரைட் இருக்கும். அதன் குறுக்கீட்டைத் தடுக்க அசைடு சேர்க்கப்பட்டதா என்பதும் கேட்க வேண்டியதே. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜனின் அளவு, பன்னாட்டு நூல்களில் 20 டிகிரியில் 5 நாட்களுக்கும், இந்தியத் தர நிர்ணயத்தில் 27 டிகிரியில் 3 நாட்களுக்கும் கணக்கிடப்படுகிறது. எந்த முறை என்று சொல்லாத எண்ணை வேறோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிடுவது தவறாக முடியும்.

அலகுகளில் ஏற்படும் குழப்பம் இதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் அது மனிதர் குடிக்கும் நீரைத் தொடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப்பாறை நிலத்தடி நீரில் உரங்களிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைட்ரேட் நெடுங்கால ஆய்வுப்பொருள். வற்றாத ஆறுகளற்ற அந்நிலத்தில் கிணற்று நீருக்கு மாற்று எளிதில் இல்லை. அத்தகைய கிணறு ஒன்றின் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று மட்டும் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தால், அது நைட்ரேட் அயனியின் எடையா, அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டுமா என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகிறது. அயனியின் எடை என்றால், உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 50 மில்லிகிராமுக்கு அது மிகவும் கீழே இருக்கிறது. நைட்ரஜனின் எடை என்றால், 4.43 ஆல் பெருக்கும்போது 53 ஆகி, அந்த வரம்பையும் இந்திய வரம்பான 45-ஐயும் கடந்துவிடுகிறது. கைக்குழந்தையின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும் பொருள் நைட்ரேட் என்பதால், பால்மா கரைக்கும் வீட்டில் இந்த வேறுபாடு எழுத்துப்பிழை என்று ஒதுக்கத்தக்கதன்று.

வளங்குன்றாமை என்ற கருத்தைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இத்தகைய வினவல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரும் தலைமுறையின் தேவைகளுக்குக் குறை நேராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளுதல் என்று 1987-ல் புருண்ட்லாண்ட் ஆணையம் அதற்குத் தந்த விளக்கம் காலத்தை உள்ளடக்கியது. காலத்தை அளக்காமல் அதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு, பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கிலிருந்து இன்று 420-ஐத் தாண்டியிருப்பதைக் காட்டுவது, ஒரே இடத்தில் ஒப்பிடத்தக்க முறையில் ஏறத்தாழ இடைவிடாது அளந்ததால்தான். அதைவிட மூத்த எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கப்பட்ட நிரந்தர உரச் சோதனை வயல், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்ற ஒழுங்கோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து, மண்ணின் வளம் எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதை அறியும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. இப்படிப்பட்ட வயலைக் காத்து வந்த மண்ணில், ஏரிகளைப் பற்றிய ஆய்வுகள் மூன்றாண்டுத் திட்ட நிதியோடு முடிந்து, அடுத்த மாணவர் வேறு ஏரியை, வேறு முறையில், வேறு பருவத்தில் தொடங்குவது பெரும் வீணடிப்பு. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் கூடி, பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஒரே நீர்நிலையின் அவ்வாண்டுத் தரவை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்க்கும் கருத்தரங்கு, திட்ட நிதி இல்லாமலேயே அந்தத் தொடர்ச்சியைக் காக்கக்கூடும்.

ஒரு துறை மட்டும் கூடிப் பேசினால் எது விடுபடும் என்பதற்கு நொய்யல் ஆற்றின் வரலாறு சான்று. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிச் சில ஆண்டுகளிலேயே உழவர்க்குப் பயன்படாமல் போனது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு, அடர்நிறங்கள் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு சேர்க்கப்படுகிறது. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைக்குமே தவிர, கரைந்த உப்பைத் தொடுவதே இல்லை. கரைந்த திடப்பொருள்களுக்கான வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்றிருக்க, அதை எட்டாத நிலையில், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்னும் கழிவுநீர் வெளியேற்றமற்ற முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் வலியுறுத்தியது. நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவும் ஆணையிட்டது. இம்முறையில் எதிர்ச்சவ்வூடு பரவல் வழியே, அதாவது நீரை அழுத்தத்துடன் நுண்சவ்வு வழியே செலுத்தி, நல்ல நீர் பிரிக்கப்படுகிறது. எஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசல் கொதிகலன் வெப்பத்தால் ஆவியாக்கப்படுகிறது. ஆற்றில் விழும் உப்பு குறைவதை நீரியல் வல்லுநர் வரவேற்பார். ஆவியாக்க எரியும் விறகையும் நிலக்கரியையும் காற்று ஆய்வாளர் கணக்கிடுவார். பிரிக்க இயலாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்கப்படுவதைத் திண்மக் கழிவுத் துறையினர் காண்பர். உப்புக் கரைசலையே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை சில பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது, இந்தக் கணக்குகள் ஒன்றாகப் பார்க்கப்பட்டால் எத்தகைய வழிகள் திறக்கும் என்பதைக் காட்டுகிறது. ஆற்றுக்கு நேர்ந்த தீங்கைத் தடுப்பதில் நீதிமன்றம் ஆற்றிய பணி மறுக்க இயலாதது. எனினும் உப்பு எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியை ஆணைகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுப்பியிருக்க வேண்டியவை பல்கலைக்கழகக் கருத்தரங்குகள்.

அவ்வரங்குகளில் ஆயக்கட்டு உழவர்களுக்கும் நீர்க்கட்டிகளுக்கும் பார்வையாளர் வரிசையில் அன்று, பேசுவோர் வரிசையில் இடம் வேண்டும். மடை திறந்து வயல்தோறும் நீர் பகிர்ந்து தருபவர் நீர்க்கட்டி. வரத்துக்கால் எந்த ஆண்டில் எங்கே அடைபட்டது, கலங்கல் கடைசியாக எப்போது வழிந்தது, எந்த மடையின் நீர் பாய்ந்தால் பயிர் கருகுகிறது என்பதை எந்த ஆய்வேட்டையும் விட அவர் தெளிவாகச் சொல்வார். அவர் பங்கேற்க வேண்டுமானால் கருத்தரங்கு தமிழில் நடைபெற வேண்டும். கலைச்சொல் போதாது என்ற தயக்கம் இனிப் பொருந்தாது. மேலே சொன்ன அனைத்தையும் தமிழில் விளக்க இயல்கிறது, இயலாத இடத்தில் வழக்கிலுள்ள பிறமொழிச் சொல்லையே எடுத்தாளலாம்.

வடிவம் எளிது, செலவும் குறைவு. அரைநாள் அமர்வு, மூன்று அல்லது நான்கு கட்டுரைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் விளக்கம், அரைமணி நேரம் வினா. களக்குறிப்பேட்டின் நகலும் கணக்கீடு செய்யப்படாத மூல அளவீடுகளும் ஒரு வாரம் முன்னரே பங்கேற்பாளர்களுக்குச் சென்றுசேர வேண்டும். ஒவ்வொரு கட்டுரையையும் முன்கூட்டிப் படித்து வினாக்களோடு வருவதற்கு வேறொரு துறையைச் சார்ந்த ஒருவரை அமர்த்துவது பெரும்பயன் தரும். மாணவர் தம் அளவீட்டில் தவறு கண்டு அதைத் தாமே எடுத்துரைக்கும்போது, அதற்காக மதிப்பெண் குறையாது என்ற உறுதியை நெறியாளர் முன்னதாகவே அளித்துவிட வேண்டும். இந்த உறுதி இல்லாத இடத்தில் நேர்மையான தரவை எதிர்பார்ப்பது மாணவர்க்கு இழைக்கும் அநீதி.

இவ்விதழுக்குக் கருத்தரங்கக் கட்டுரைகளை அனுப்புவோர் இனி ஒவ்வொரு நீர் மாதிரிக்கும் நாள், மணி, ஆழம், நீரின் வெப்பநிலை, கரையிலேயே செய்யப்பட்ட பதப்படுத்தல், அளவீட்டு முறை, அலகு, கருவி கடைசியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட நாள் ஆகியவற்றைத் தனி அட்டவணையாக இணைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கருத்தரங்கில் எழுந்த முக்கிய வினாக்களும், அவற்றால் கட்டுரையில் நேர்ந்த திருத்தங்களும் கட்டுரையின் இறுதியில் ஒரு பத்தியாக இடம்பெற வேண்டும். பக்க வரம்பில் இவ்விரண்டும் கணக்கிடப்பட மாட்டா.