டீச்சருக்கும் சொல்லிக் கொடுங்க!

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடியதும், 'ஆன்லைனில் பாடம் எடுங்கள்' என்று உத்தரவு போட்டார்களே தவிர, எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். "எல்லாரும் கேமராவை அணைச்சுடறாங்க. சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கும்மா" என்று கண் கலங்குவார். கடைசியில் ஆறாவது படித்த என் மகள்தான், "பத்துப் பத்து நிமிஷமா ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க ஆன்ட்டி" என்று வழி சொன்னாள். டேட்டா தீர்ந்துபோன பிள்ளைகளும் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் பதிவு செய்ய, கேமரா பிடிக்கவே ஆள் உண்டு. நம்ம டீச்சர்களுக்கு? முடிச்சூரில் மழைத் தண்ணீர் ஏறினால் மறுபடி விடுமுறைதான். அதற்குள் கல்லூரிகள் ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியாவது தரக் கூடாதா?

- ஓர் இல்லத்தரசி, தாம்பரம்.