ஆக்சலாட்டிலுக்கு உடம்பு சரியில்லையா? மருந்துக்கு முன்னாடி தெர்மாமீட்டரைப் பாருங்க!

எப்பவும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். தலைக்கு இரண்டு பக்கமும் இறகு போல விரிந்த செவுள்கள். ஆக்சலாட்டிலை ஒருமுறை ரீல்ஸில் பார்த்தவர்கள் மறப்பதில்லை. 2021-ல் மைன்கிராஃப்ட் கேமுக்குள் வந்தது. அதே வருஷம் மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் இடம்பிடித்தது. திரையில் பார்த்ததை வீட்டுத் தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

பார்க்க மீன் மாதிரி இருந்தாலும் இது மீன் இல்லை. சாலமாண்டர் வகையைச் சேர்ந்தது, தவளைக்குத் தூரத்துச் சொந்தம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி மாதிரியான ஊரில் இது நோயில் விழுந்தால், காரணம் பெரும்பாலும் கிருமியில் தொடங்குவதில்லை. தண்ணீரின் சூட்டில்தான் தொடங்குகிறது.

18 டிகிரி எங்கே, 40 டிகிரி எங்கே?

ஆக்சலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ சிட்டியை ஒட்டிய சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் குளிர்ந்த கால்வாய்கள் அவை. அதன் உடம்புக்கு ஏற்ற தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டினாலே ஆபத்து ஆரம்பிக்கிறது.

நம்ம பக்கம் நிலைமை வேறு. திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டிச் செய்தியில் வராத வருஷம் அபூர்வம். சிப்காட்டில் வேலை பார்ப்பவர் மாடி அறையைப் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் ஆஃப், ஏசி ஆஃப். சாயங்காலம் அவர் திரும்பும்போது தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டிருந்தால் ஆச்சரியமே இல்லை.

சூடு என்ன செய்யும்?

ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்யும். முதலாவது, ஆக்சிஜனைக் குறைக்கும். 18 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். சூட்டில் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரில் அது குறைந்துபோகிறது.

இரண்டாவது, அம்மோனியாவை விஷமாக்கும். கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் அம்மோனியா முழுவதும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. அதில் எவ்வளவு விஷ வடிவத்தில் இருக்கும் என்பதை சூடும் பிஎச் அளவும் தீர்மானிக்கின்றன. பிஎச் 8 இருக்கும் தண்ணீரில் 18 டிகிரியில் சுமார் 3 சதவீதம்தான் விஷ வடிவம். அதே தண்ணீர் 32 டிகிரிக்குப் போனால் 8 சதவீதத்தைத் தாண்டும். தொட்டி அதே தொட்டி, கழிவும் அதே கழிவு. விஷம் மட்டும் இரண்டரை மடங்கு.

மூன்றாவது, நோய் எதிர்ப்பைக் குலைக்கும். அப்புறம்தான் பஞ்சு ஒட்டினது மாதிரி வெள்ளைப் பூஞ்சை செவுளில் தெரிய ஆரம்பிக்கிறது. நாம் பார்க்கும் 'நோய்' பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்தான்.

போர் தண்ணி உப்பாக இருப்பதுதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய கதை இந்த மாவட்டத்துக்குப் பழசு. அப்படி ஏறிய உப்புத் தண்ணி ஆகாதுதான். ஆனால், ஓரளவு கடினமான தண்ணீரை ஆக்சலாட்டில் நன்றாகவே தாங்கும். சூட்டையும் அம்மோனியாவையும்தான் தாங்காது.

அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

செவுள் முன்பக்கமாக வளைவது, வால் நுனி சுருள்வது, சாப்பிட மறுப்பது, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குவது, தலைகீழாக மிதப்பது... இதில் எதைப் பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்.

• முதலில் தெர்மாமீட்டர். அடுத்து டெஸ்ட் கிட். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

• நோயுற்றதைத் தனி டப்பாவுக்கு மாற்றி, குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் பக்கெட்டில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

• ஐஸ் கட்டியை நேராகக் கொட்டக் கூடாது. சூடு மெதுவாக இறங்க வேண்டும், திடீர் மாற்றமே இன்னொரு அடி.

• மீன் மருந்தையோ, வீட்டில் இருக்கும் மாத்திரையையோ கலக்கக் கூடாது. இதன் தோல் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சக்கூடியது. மீனுக்குத் தாங்கும் அளவு இதைக் கொன்றுவிடலாம். உப்புக் குளியலுக்கும் அளவும் நிமிடமும் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும்.

• தொட்டி அடியில் கூழாங்கல் இருந்தால் எடுத்துவிட வேண்டும். தீனியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

வளர்ந்த ஆக்சலாட்டில் சில நாள் பட்டினி தாங்கும். அதனால் சாப்பிடவில்லையே என்று பதறித் திணிக்க வேண்டாம். இழந்த காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் உடம்பு அது. நல்ல தண்ணீர் கிடைத்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

டாக்டரிடம் போகலாமே?

போகணும். சிக்கலே இங்கேதான். தமிழ்நாட்டில் இயற்கையாக சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் இருப்பது டார்ஜீலிங் பக்கத்து இமயமலை சாலமாண்டர். நம்ம ஊர் கால்நடை மருத்துவருக்கு மாடு, ஆடு, நாய் பார்த்த அனுபவம் மலையளவு இருக்கும். ஆக்சலாட்டிலைப் பார்த்த அனுபவத்தை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் வசதியே இல்லாத மாவட்டமும் இல்லை இது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. இவை சேர்ந்து வாரத்தில் ஒரு நாள், தொட்டி உயிரினங்களுக்கென ஒரு புறநோயாளிப் பிரிவு நடத்தினால் போதும். வண்ணமீன் வளர்க்கும் குடும்பங்களுக்கும் அது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆக்சலாட்டில் 1975-லிருந்தே சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சோச்சிமில்கோவில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014 கணக்கெடுப்பில் சுமார் 36 ஆகச் சுருங்கியது. 2022-ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்ஸ் உயிரினங்களைத் தனி அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அப்போது இவற்றை வைத்திருந்தவர்கள் 6 மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் சரி, கடத்தலைத் தடுக்க இது தேவை. ஆனால் யோசியுங்கள். கடையில் பில் கூட வாங்காமல் வாங்கியவர், கெடுவையும் தவறவிட்டவர், நோயுற்ற உயிரை மருத்துவரிடம் கொண்டுபோவாரா? "பேப்பர் எங்கே?" என்ற கேள்விக்குப் பயந்து வீட்டிலேயே சாக விடுவார். இல்லையென்றால் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார்.

இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. 2013-ல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட ஒரு பூஞ்சை அங்கே சாலமாண்டர்களைக் கூட்டமாகக் கொன்றது. வளர்ப்புப் பிராணி வியாபாரம் வழியாக அது நுழைந்துவிடும் என்ற பயத்தில் 2016-ல் அமெரிக்கா 20 சாலமாண்டர் பேரினங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஒரு தொட்டித் தண்ணீர் நம் ஏரித் தவளைகளுக்கு எதைக் கொண்டுபோகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்போ என்னதான் வழி?

சிகிச்சையையும் தண்டனையையும் பிரிக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் முதலில் வைத்தியம், பதிவு அப்புறம். வளர்க்க முடியாதவர்கள் பயமின்றி ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். பதிவுக்கு இன்னொரு வாய்ப்பும் வேண்டும். விற்பவர் தாளில் எழுதித் தர வேண்டியது இரண்டு: எங்கிருந்து வந்தது, எத்தனை டிகிரியில் வாழும்.

வாங்க நினைப்பவருக்கு ஒரு சின்னப் பரீட்சை. வெறும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மே மாதம் ஒரு வாரம் வேலைக்குப் போய் வாருங்கள். சாயங்காலம் தெர்மாமீட்டர் 20-க்குள் நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். நிற்கவில்லையா? சில்லர் வாங்கி, மின்வெட்டுக்கும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஆக்சலாட்டில் மைன்கிராஃப்டிலேயே இருக்கட்டும். தொட்டி வீணாகாது, நம்ம சூட்டிலேயே பிறந்து வளரும் கப்பி மீன் எந்த வண்ணமீன் கடையிலும் கிடைக்கும்.