தம்பியின் பெட்டியில் இரண்டு கிலோ மாசி

தம்பி வாற மாதம் ஜப்பானுக்குப் போகிறான். முதியோர் பராமரிப்பு வேலை. விசா வந்த அன்றே அம்மா சந்தைக்குப் போய் இரண்டு கிலோ மாசி வாங்கி வந்துவிட்டா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே சண்டை. சண்டையில் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். தம்பி வழக்கம்போல ஃபோனுக்குள்ளே.

எங்கள் வீடு உட்துறைமுக வீதிப் பக்கம். திருகோணமலைக்கும் ஜப்பானுக்கும் இடையில் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கு. சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்து செய்கிற ஊர் எங்கட ஊர் (இதை வெளியூர் நண்பர்களுக்குச் சொன்னால் ஜோக் என்று நினைக்கிறார்கள்). 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகமும் இதுதான். குண்டு விழுந்த அன்று சனம் ஊரைவிட்டு ஓடின கதையை அப்பம்மா தன் அம்மா சொன்னதாகச் சொல்லுவா. இப்ப அதே வீட்டிலிருந்து ரெண்டாவது பேரன் ஜப்பானுக்குப் போகிறான். 2019இல் திறன்சார் தொழிலாளர்களை எடுப்பதற்கு இலங்கையோடு ஜப்பான் உடன்படிக்கை செய்தது. 2022இல் நாடு விழுந்தது. அதன்பிறகு எங்கட தெருவில் ‘ஹிரகானா’ எழுதாத வீடு குறைவு. நான் கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம். என்னுடைய பட்டத்தைவிட தம்பியின் மொழிச் சோதனைச் சான்றிதழுக்கு வீட்டில் மதிப்பு கூட. அதில் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம்தான்.

மாசி விசயத்துக்கு வாறன். மூன்று வருசத்துக்கு முதல் அண்ணா சைத்தாமாவுக்குப் போனபோதும் இதுதான் நடந்தது. அவனுக்குக் கிடைத்த 30 கிலோவில் மாசி இரண்டு கிலோ, நெத்தலிக் கருவாடு ஒன்றரைக் கிலோ, ஊறுகாய்ப் போத்தல் ரெண்டு. குளிருக்கு வாங்கின ஜக்கெட் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. போன முதல் நாலு மாதமும் அண்ணா சாப்பிட்டது என்ன தெரியுமா? சந்திக் கடையில் விற்கிற ஒனிகிரி. கடற்பாசித் தாளில் சுற்றின சோற்றுருண்டை. காலையில் ரெண்டு, இரவில் ரெண்டு. ஏழு கிலோ இறங்கிவிட்டான். வீடியோ கோலில் அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்து அம்மா அழுதா.

அந்த நேரமெல்லாம் இரண்டு கிலோ மாசியும் அவனுடைய அலுமாரியில்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பலில் மாசி போடுவார்கள் என்று தெரியும். எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, இடிப்பதா ஊறவைப்பதா, ஒன்றும் தெரியாது. அம்மாவைக் கேட்டால் “கண்ணளவுக்குப் போடு தம்பி” என்பா. 24 வயது வரைக்கும் அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போன ஆளுக்குக் கண்ணளவு எங்கிருந்து வரும்? எனக்குப் பதின்மூன்று வயதில் திருவலையைக் கையில் தந்தார்கள். அவனுக்கு அந்த வயதில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தது ஜப்பானில் உதவியது, அதையும் சொல்ல வேணும்.

பிறகு ஒரு நாள் அண்ணா மாசித் துண்டு ஒன்றை வேலையிடத்துச் சமையலறைக்குக் கொண்டுபோயிருக்கிறான், அதை உடைக்க ஏதும் கிடைக்குமோ என்று கேட்க. அங்கே சமைக்கிற அம்மா அதை வாங்கி, தட்டிப் பார்த்து, மணந்து பார்த்துவிட்டு “கட்சுவோபுஷி” என்று சொல்லியிருக்கிறா. அலுமாரியைத் திறந்து அவர்களுடையதைக் காட்டினாவாம். மரச்சீவல் மாதிரி மெல்லிய மீன் சீவல், பெரிய பை நிறைய.

ரெண்டும் ஒரே மீன்தான். நாங்கள் சூரை என்கிறதை அவர்கள் கட்சுவோ என்கிறார்கள். அவித்து, புகைபோட்டு, கல்லுப்போல காயவைப்பது ரெண்டு இடத்திலும் ஒன்று. மாசியை உப்புத்தண்ணீரில் அவிப்பார்கள், கட்சுவோபுஷியில் உப்பு இல்லை. அதை இன்னும் நாள்கணக்கில் புகைபோட்டு, சில வகைகளில் பூஞ்சணம் பிடிக்கவும் வைத்து, கடைசியில் இழைப்புளி மாதிரி ஒரு பெட்டியில் சீவி எடுப்பார்கள். அந்தச் சீவல் ஜப்பானில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கும். அம்மா சூட்கேஸில் கடலைத் தாண்டி அனுப்பின சாமான் அண்ணாவின் அறையிலிருந்து ஐந்து நிமிச நடையில் தட்டில் இருந்திருக்கிறது. அவனுக்குப் பேர் தெரியாது, அதுதான் பிரச்சினை.

இன்னொன்று. மாசி எங்கட சாமானே இல்லை. மாலைதீவுச் சாமான். அவர்களின் மொழியில் ‘மஸ்’ என்றால் மீன், அவ்வளவுதான். 1343இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதா, இப்படி அவித்துப் புகைபோட்ட மீனை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயருடைய காலத்தில் வந்தது. ஆக, சம்பலில் எங்கட மண்ணுக்குரியது தேங்காயும் தேசிக்காயும் கையும் என்று வைத்துக்கொள்ளலாம். நான் இதைச் சொன்னபோது அம்மா “அப்ப ஏன் உனக்கு ஹொஸ்டலுக்குச் சம்பல் கட்டித் தாறது?” என்று கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜப்பான்காரரும் வெளிநாட்டில் இதே பாடுதான் பட்டார்கள். 1908இல் கசாத்தோ மாரு என்ற கப்பலில் 781 பேர் பிரேசிலுக்குக் கோப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். கோப்பித் தோட்டம் என்றால் எங்களுக்குச் சொல்லவா வேணும். சோற்றோடு தொட்டுக்கொள்கிற உமெபோஷி என்ற உப்புப் புளிப்பு ஊறுகாய் இல்லாமல் அவர்களால் சாப்பிட முடியாது. அதற்கான பழமோ அங்கே இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், புளிச்சக்கீரைச் செடியின் சிவப்புப் புல்லிதழை எடுத்து உப்பில் ஊறவைத்தார்கள். அதே சிவப்பு, அதே புளிப்பு. தங்கள் ஊறுகாயில் வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் வேறொரு செடியில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். ஆனால் எங்கட மொழி வகுப்புகளில் இது வராது. தம்பியின் கொப்பிகளைப் பார்த்தேன். வணக்கம் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, மூத்தவருக்கு எத்தனை பாகை குனிவது எல்லாம் இருக்கு. கடையில் பைக்கற்றின் பின்பக்கம் வாசிப்பது இல்லை. அங்கே வாழப்போகிறவனுக்கு அது சின்ன விசயமா? ‘புத்தாநிக்கு’ பன்றி, ‘க்யூநிக்கு’ மாடு. கடையில் விற்கிற ஜப்பானியக் கறிக்கட்டிகளில் பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கும். மேலே மரக்கறிப் படம்தான் போட்டிருக்கும். தம்பியோடு படிக்கிற கிண்ணியாப் பொடியன் ஒருவன் “கறி எண்டா கறிதானே” என்றுதான் நினைத்திருந்தான். வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கிற ஆட்களுக்கு அதைவிடக் கஷ்டம். அங்கே சூப், சோஸ், அவித்த கீரை எல்லாவற்றிலும் அந்தச் சூரை மீன் சாறு ஒளிந்திருக்கும். ‘தாஷி’ என்பார்கள். அண்ணா ஒரு வருசம் விரதம் பிடித்தபடி மீன் குடித்திருக்கிறான். கடவுள் மன்னிப்பார், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகவே என்னுடைய கட்சி இதுதான். சமைக்கத் தெரியாத பொடியனை விமானத்தில் ஏற்றாதீங்க. பெட்டியில் மாசிக்குப் பதில் தூள் போடுங்க. மல்லி, செத்தல், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் அம்மா தன் கணக்கில் வறுத்து இடிக்கிற தூள் டோக்கியோவில் எந்தத் தட்டிலும் இல்லை. மிளகாய்த்தூளை ‘இச்சிமி’ என்று ஒரு சின்னப் போத்தலில் விற்கிறார்கள், எங்கட ஆளுக்கு ஒரு நேரச் சம்பலுக்குக் காணாது. பருப்பு, பாசுமதி, தேங்காய்ப்பால் டின் எல்லாம் ஷின் ஓகுபோ ஸ்டேசனுக்குப் பக்கத்து ஹலால் கடைகளில் இருக்கு. க்யோமு சூப்பர் என்ற மலிவுக் கடைகளிலும் பாதிச் சாமான் எடுக்கலாம். நெத்தலியை அவர்கள் அவித்துக் காயவைத்து ‘நிபோஷி’ என்று விற்கிறார்கள், பொரித்தால் தொண்ணூறு வீதம் எங்கட ருசி. பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக நினைக்காதீங்க. தாவரப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் பச்சை இலையை உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி வத்தலும் அப்படித்தான்.

அம்மாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கு, இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணா இப்ப கட்சுவோபுஷியில் சம்பல் போடுகிறான். உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட வேணும், சீவலைக் கடைசியில் கலக்க வேணும், இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியில் ஊறிக் கரைந்துவிடும் என்று எனக்கே வகுப்பு எடுக்கிறான். நல்லா இருக்கா என்று கேட்டேன். “நல்லா இருக்கு. ஆனா பல்லுல கடிபடாது” என்றான். மாசியில் எங்களுக்கு வேண்டியதில் பாதி அந்தக் கடிதான். அதோடு, அம்மா மாசியாக மட்டும் அதை வாங்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் கடல் கடந்து போக, பெட்டிக்குள் வைப்பதற்கு அவவிடம் இருப்பது அதுதான். மாசி விற்கிற விலையில் நாங்கள் வீட்டில் சம்பலுக்கு அதைப் போட்டுக் கனநாள்.

போன ஞாயிறு தம்பியைப் பிடித்துத் திருவலையில் இருத்தினேன். அரைத் தேங்காய் துருவ முக்கால் மணித்தியாலம், பெருவிரலில் ஒரு வெட்டு. வெங்காயத்தைக் கல்லுரலில் போட்டு இடி என்றால் பாதி நிலத்தில். உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டான். அப்பா ஒன்றும் பேசாமல் பாணோடு சாப்பிட்டுவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். இந்த ஞாயிறு பருப்பு.

அம்மா நேற்றுப் பெட்டியைத் திரும்ப நிறுத்தா. தூள் இரண்டு கிலோ ஏறியிருக்கு, ஜக்கெட்டும் உள்ளே இருக்கு. மாசி ஒரு கிலோவுக்கு இறங்கியிருக்கு. மற்றக் கிலோவை எங்கே வைத்திருக்கிறா என்று இன்னும் தேடுகிறேன்.