அமிலமும் வேற்றுமையுருபும்

தமிழ்ப் பண்டிதனுக்கு அமிலத்தோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு, அதுவும் இலக்கணத்தின் வழிவந்த உறவு என்பதே என் துணிபு.

எங்கள் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலே, வானொலி, ஒலிபெருக்கி முதலியவற்றிற்கு வேண்டிய மின்சுற்றுப் பலகைகளைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் மாணவர் சிலர் உளர். செப்புப் படலம் போர்த்த பலகையொன்றில் வேண்டிய கோடுகளை மையினால் வரைந்து, செம்பை அரிக்கும் கரைசலில் அதனை இடுகின்றனர். மை மூடிய செம்பு எஞ்சுகின்றது. மூடாத செம்பு கரைந்தொழிகின்றது. நம் முன்னோர் செப்பேட்டில் எழுத்தை வெட்டிச் செம்பை அகற்றினர். இம்மாணவரோ எழுத்தைக் காத்து, எழுத்தல்லாத செம்பை அகற்றுகின்றனர். முறை தலைகீழாயினும் இதுவும் செம்பில் எழுதும் கலையே. வீட்டில் இவ்வேலை ஆகாது என்று அடியோடு தடுக்கும் பெற்றோரோடு நான் உடன்படேன். நான் வேண்டுவது வேறொன்று.

இவ்வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது பெரிக்குக் குளோரைட்டு. அது கைக்கெட்டாதவிடத்து, எளிதிற் கிடைப்பவற்றைக் கொண்டே மாணவர் கரைசல் கூட்டுகின்றனர். ஐதரோக்குளோரிக்கமிலம் தனித்து நின்று செம்பைக் கரைக்கமாட்டாது. செம்பை ஒட்சியேற்றும் துணையொன்று அதற்கு வேண்டும். மருந்துக்கடையில் 3 வீதக் கரைசலாக விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டு அத்துணையாகின்றது. இரண்டும் கூடியவிடத்துச் செம்பு கரைந்து பச்சைநிறச் செப்புக் குளோரைட்டாகின்றது. வன்மை குறைந்த முறையை நாடுவோர் அமிலத்துக்குப் பதிலாக வினாகிரியும் கறியுப்பும் சேர்ப்பர்.

இம்முறைகளைக் கூறும் குறிப்பொன்றை மாணவர் ஒருவர் என்னிடம் காட்டினார். ஆங்கிலத்திலிருந்து கணினி பெயர்த்த தமிழ் அது. வாசித்த எனக்கு நெஞ்சம் திடுக்கிட்டது. பேரொட்சைட்டு நிற்கவேண்டிய இடத்தில் அது ‘வெளிற்றி’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் ‘பிளீச்’ என்னும் ஒரு சொல், தலைமயிரை வெளிற்றும் பேரொட்சைட்டையும் குறிக்கும். துணி வெளுக்கும் குளோரீன் கலந்த நீர்மத்தையும் குறிக்கும். குறிப்பை நம்பி ஒருவன் துணிவெளுக்கும் நீர்மத்தை அமிலத்தோடு கலந்தானாயின், எழுவது குளோரீன் வாயு. 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்திலே படைவீரரைக் கொன்ற நஞ்சு அதுவே. பலபொருள் ஒருசொல்லைப் பாட்டிலே கண்டு நாம் மகிழ்கிறோம். செய்முறைக் குறிப்பிலோ அஃது உயிர்கொல்லும் சொல்லாகின்றது.

அதே குறிப்பில் இன்னொரு வரி: ‘அமிலத்தில் நீரை விடவும்.’ விஞ்ஞான ஆசிரியரை வினவுங்கள். செறிந்த அமிலத்தை ஐதாக்குங்கால் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை விடுதல் ஆகாது என்பார். மாறிச் செய்தால் வெப்பம் மிக்கெழுந்து அமிலம் முகத்தில் தெறிக்கும். இவ்விரு தொடர்களிலும் சொற்கள் அவையே. இரண்டாம் வேற்றுமையுருபும் ஏழாம் வேற்றுமையுருபும் இடம் மாறியுள்ளன, அவ்வளவே. வேற்றுமையியலை வகுப்பில் நடத்தும்போது, “இதனால் எமக்கு என்ன பயன்?” என்று கேட்கும் மாணவனுக்கு இதனினும் சிறந்த விடை எனக்குத் தெரியாது.

மூன்றாவது குறை, எழுதாமல் விட்டது. வேலை முடிந்தபின் எஞ்சும் பச்சைநீரை என் செய்வது என்பதைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. கானில் ஊற்றினால் அது எங்கே போகும்? துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு விடை தெரியும். கரைந்த செம்பு கடலுயிர்க்கு நஞ்சு. 1761இல் ஆங்கிலேயர் ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டாற் போர்த்ததும், இன்றும் கப்பலடியிற் செம்பு கலந்த வர்ணம் பூசுவதும், சிப்பியும் பாசியும் அங்கே பற்றாதிருத்தற் பொருட்டன்றோ? கப்பலைக் காக்கும் அந்நஞ்சு கடலிற் கலந்தால் மட்டியையும் மீன்குஞ்சையும் விட்டுவைக்குமா? எஞ்சிய நீரிற் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டால், நுரைத்தடங்கிச் செம்பு படிவாக அடியிற் சேரும். அப்படிவைக் கானில் விடாது சேர்த்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒப்படைக்கலாம். பேரொட்சைட்டுக் கலந்த கரைசலைப் போத்தலில் இறுக மூடிவைத்தலும் தகாது. உள்ளெழும் வாயு போத்தலைப் பிளந்துவிடும். இவற்றையெல்லாம் சொல்லாத குறிப்பு அரைக்குறிப்பேயாகும்.

இவற்றைத் தமிழில் தெளிவுற எழுத இயலாது என்பார்க்கு வரலாறு விடை கூறும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. எங்கள் திருக்கோணமலை இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தரோ, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர்; விஞ்ஞானமும் கற்றுக் கற்பித்தவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்தவரும் அவரே. அமிலமும் இலக்கணமும் ஒருவரிடத்தே குடியிருந்தமைக்கு நமக்கு வேறு சான்று வேண்டா.

நம் நிலை வேறாயிற்று. விஞ்ஞான ஆசிரியர் பொருளை அறிவார்; தொடரமைப்பைப் பொருட்படுத்தார். தமிழாசிரியராகிய நாம் தொடரமைப்பை அறிவோம். பொருளைக் கண்டு ஒதுங்குவோம். இடைவெளியில் மாணவன் நிற்கின்றான். போதாக்குறைக்கு, நம் பாடநூலில் ‘ஐதரசன் பேரொட்சைட்டு’ என்பது தமிழ்நாட்டு நூலில் ‘ஹைட்ரஜன் பெராக்சைடு’ ஆகின்றது. இரண்டும் ஒன்றே என்று அவனுக்கு யார் சொல்வது?

ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுது ஒருங்கிருந்து, மாணவர் கையாளும் செய்முறைக் குறிப்புகளைத் திருத்தி எழுதுவார்களாக. பொருள்தோறும் அதன் பெயரும் மறுபெயரும், கலக்கத்தகாதவை இவையென்பதும், எஞ்சியதை ஒழிக்கும் வகையும் அதில் இருத்தல் வேண்டும். ஒரு தாளுக்கு மேற் செல்லாது. கவியரங்குகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் நாம் செலவிடும் மாலைகளுள் ஒன்றை இதற்கு ஈவது பெருந்தியாகமன்று.