மாரியப்பன் தங்கவேலும் உயரம் தாண்டுதல் வகைப்பாடும்

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: சூன் 28, 1995) தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்திலுள்ள பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த உயரம் தாண்டும் வீரர் ஆவார். 2016, 2020, 2024 ஆகிய மூன்று பாராலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து பதக்கம் வென்றவர். இவரது போட்டிப் பிரிவின் பெயர் 2018 இல் மாறியது. அம்மாற்றம் மாற்றுத்திறனாளர் விளையாட்டில் சமநிலை எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்னும் கேள்வியை எழுப்புகிறது.

பின்னணி

ஐந்து வயதில் பள்ளிக்குச் சென்றபோது பேருந்து ஏறியதால் மாரியப்பனின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. காய்கறி விற்று வந்த தாய் கடன் பெற்றுச் சிகிச்சை அளித்தார். 2016 இல் இரியோவில் 1.89 மீட்டர் தாண்டி இவர் தங்கம் வென்றார். கொரோனாத் தொற்றால் 2021 இல் நடந்த தோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருடன் வெள்ளியும், 2024 பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலமும் பெற்றார். 2024 மே மாதம் சப்பானின் கோபெ நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

வகைப்பாடு

இரியோவில் இப்பிரிவு டி42 எனப்பட்டது. செயற்கைக் கால் அணிந்தோரும் அணியாதோரும் அதில் ஒன்றாகப் போட்டியிட்டனர். 2018 முதல், முழங்காலிலோ அதற்கு மேலோ ஒரு காலை இழந்து செயற்கைக் காலுடன் போட்டியிடுவோர் டி63 வகையில் சேர்க்கப்பட்டனர். மாரியப்பனைப் போன்று, செயற்கைக் கால் அணியாத, கால் குறைபாடுடையோர் டி42 வகையிலேயே நீடித்தனர்.

ஆயினும் தோக்கியோவிலும் பாரிசிலும் டி42 வகைக்குத் தனி உயரம் தாண்டுதல் போட்டி இல்லை. இரு வகையினரும் டி63 என்ற பெயரிலேயே ஒன்றாகத் தாண்டினர். அதாவது வகைகள் பிரிந்தன, பதக்கம் பிரியவில்லை.

உடலியக்க நோக்கு

உயரம் தாண்டுதலில் ஓடிவரும் வேகம் மேல்நோக்கிய விசையாக மாற்றப்படுகிறது. விதிப்படி ஒரு காலால் மட்டுமே உந்த வேண்டும். ஆகவே நலமான கால் உந்தினாலும், மற்றக் கால் ஓட்டத்தின் வேகத்தையும் உடற்சமநிலையையும் தீர்மானிக்கிறது. செயற்கைக் காலில் மீள்திறன் உண்டு, தசையும் உணர்வும் இல்லை. சிதைந்த இயற்கைக் காலில் உணர்வு உண்டு, அசைவு குறைவு. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவது எளிதன்று.

போட்டி முடிவுகளும் ஒரு பக்கமாக அமையவில்லை. இரியோவில் செயற்கைக் கால் அணிந்த அமெரிக்கர் சாம் கிரூவை மாரியப்பன் வென்றார். தோக்கியோவில் கிரூ 1.88 மீட்டர் தாண்டி மாரியப்பனை முந்தினார். பாரிசில் டி63 வகையைச் சேர்ந்த அமெரிக்கர் எசுரா பிரெச் 1.94 மீட்டருடன் தங்கமும், டி42 வகையைச் சேர்ந்த இந்தியர் சரத் குமார் 1.88 மீட்டருடன் வெள்ளியும் பெற்றனர்.

தாக்கம்

ஓர் உடற்குறை வகைக்குத் தனிப் போட்டி நடத்தப் போதிய எண்ணிக்கையில் வீரர்கள் வேண்டும். அதனால் இணைத்து நடத்துவதற்குக் காரணம் உண்டு. எனினும் பதக்கத்தின் நிறம் வாழ்வாதாரத்தையும் தொடுகிறது. இரியோ தங்கத்திற்குத் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. 2017 இல் பத்மசிறீயும், 2020 இல் கேல் ரத்னாவும் மாரியப்பனுக்குக் கிடைத்தன. பரிசுத்தொகையில் ஒரு பகுதியைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு அவர் வழங்கினார். எளிய குடும்பங்களிலிருந்து வரும் வீரர்களுக்கு, எந்த வகையில் யாருடன் போட்டியிடுகிறோம் என்பது ஏட்டளவிலான பிரிவு மட்டுமன்று.