வாய் அசைகிறது, சத்தம் இல்லை

போன மாதம் என் அத்தை ஊரிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு இருந்தார். வயது 86. தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல் பாட்டு எல்லாம் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இனி அவர் ஒருவர்தான். ஒரு நாள் காலையில் லேப்டாப்பை எதிரே வைத்து, "பாடுங்க அத்தை" என்றேன். 40 நிமிடம் பாடினார். திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரம் போட்டுப் பார்த்தால் வாய் அசைகிறது, கை தாளம் போடுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பீக்கர் கோளாறோ என்று பழைய வீடியோ ஒன்றைப் போட்டேன். நன்றாகக் கேட்டது. வேறு பிளேயரில் போட்டும் அத்தை ஊமைதான். ஆக, சத்தம் பதிவாகவே இல்லை.

காரணத்தைப் பேரன் கண்டுபிடித்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'மைக்ரோஃபோன்'. அங்கே டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக்கைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அணைத்தது யார்? நான்தான். கம்ப்யூட்டர் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துப் பயந்து செய்த வேலை.

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றான். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அணைத்தது என் தப்பு, சரி. மைக்கிலிருந்து ஒரு துளி சத்தமும் வராதபோது, 40 நிமிடம் சிவப்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது யார் தப்பு? 'ஐயா, ஒன்றும் கேட்கவில்லை' என்று ஒரு வரி காட்டக் கூடாதா? அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர் சிலவற்றில் ஒரு முள் இருக்கும். சத்தம் வந்தால் துள்ளும், வராவிட்டால் படுத்துக் கிடக்கும். இங்கேயும் அதுபோல ஒரு பச்சைக் கோடு உண்டு, ஆனால் நாம் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

திருவிழாவில் மைக் செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பாரே, நாம் சிரித்திருக்கிறோம். அவர்தான் விவரமானவர். பத்து விநாடி பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டுத்தான் இனி நான் ஆரம்பிப்பேன். கேட்காவிட்டால் முதலில் கீபோர்டில் மைக்கை அணைக்கும் பொத்தானைப் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் 'சவுண்ட்', 'இன்புட்'. வீட்டில் யாருடைய ப்ளூடூத் இயர்போனாவது அங்கே தேர்வாகியிருக்கலாம். அடுத்த அறை மேஜையில் கிடக்கும் அதற்கு நம் பேச்சு எப்படிக் கேட்கும்? கடைசியாக, நான் மாட்டிக்கொண்ட அந்த ஸ்விட்ச். போனையும் பக்கத்தில் ஓடவிடுங்கள், செலவில்லை.

கடைக்காரர் ஒருவர் பணம் கொடுத்தால் சத்தத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னார். நம்பாதீர்கள். மெல்லிசாகப் பதிவானதைக் கூட்டலாம், பதிவே ஆகாததை எங்கிருந்து கொண்டுவருவது?

மறுநாள் அத்தை முகம் கோணாமல் மறுபடியும் பாடினார். முதல் நாள் 14 பாட்டு, இப்போது 11. மீதி மூன்று நினைவுக்கு வரவில்லை. ஊமை வீடியோவை அவரிடமே போட்டுக் காட்டினேன். தன் வாயசைவையும் தாளத்தையும் பார்த்து, "அடடே, இது சீமந்தப் பாட்டு!" என்று ஒன்றைப் பிடித்துவிட்டார். இன்னும் இரண்டு பாக்கி. பொங்கலுக்கு வருகிறார், அதுவரை அந்த வீடியோவை அழிக்கப் போவதில்லை.