கருவியும் வேண்டும், சைகை மொழியும் வேண்டும்

கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பாறையைத் துளைத்த தமிழ்த் தொழிலாளர்களின் நுரையீரலைத் தூசி அரித்தது. துளைப்பு எந்திரத்தின் இரைச்சல் செவியை அரித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு சுரங்கச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நோயானது 2011ஆம் ஆண்டில்தான்.

செவியை இழந்த அந்தத் தொழிலாளிக்கு மொழி மிஞ்சியது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கோ மொழியே இனிதான் வந்து சேர வேண்டும். ‘காக்ளியர் கருவி வந்துவிட்டது, இனிச் சைகை மொழி எதற்கு?’ என்ற கேள்வி இக்குழந்தையை முன்வைத்தே எழுப்பப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை ஏழைக்கும் கிடைப்பது பாதுகாக்கப்பட வேண்டிய உரிமை. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் அறுவையோடு செலவு முடிவதில்லை. பல ஆண்டுப் பேச்சுப் பயிற்சி, வெளிப்புறக் கருவியின் பழுது, பேட்டரி, உதிரிபாகம் என அது தொடர்கிறது. சந்தையோ சில பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. கூலித் தொழிலாளியின் வீட்டில் கருவி பழுதானால், சைகையும் கற்பிக்கப்படாத குழந்தை எந்த மொழியும் இன்றி நிற்கும்.

2011 கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர். 2014இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் திட்டமோ ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கே காக்ளியர் கருவி என்று இலக்கு வைத்தது. எஞ்சியோரின் கல்விக்கு வழி என்ன?

1880இல் மிலான் மாநாட்டில் கூடிய கல்வியாளர்கள் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விரட்டத் தீர்மானித்தனர். தலைமுறைகள் கல்வி இழந்த பின், 2010இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழி; அதைப் பேசுவோர் ஒரு பண்பாட்டுச் சமூகம். கன்னட மண்ணில் தாய்மொழியின் அருமையை உணர்ந்து வாழும் தங்கவயல் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. அந்த நியமனம் நடைபெற வேண்டும்; காதுகேளாதோரே ஆசிரியர்களாக வேண்டும். பொருத்தப்பட்ட கருவிகளின் பராமரிப்பை அரசே ஏற்க வேண்டும். பெற்றோருக்கும் சைகை மொழி கற்பிக்கப்பட வேண்டும். இந்தியச் சைகை மொழிக்கு அலுவல் மொழித் தகுதி வழங்க வேண்டும் என்ற காதுகேளாதோர் அமைப்புகளின் கோரிக்கை நியாயமானது.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்க மேடைக்கும் குடியிருப்புக் கிளைகளுக்கும் கொண்டு செல்வது கட்சி உறுப்பினர்களின் கடமை. அந்தக் கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு இடம் ஒதுக்குவதிலிருந்து அப்பணி தொடங்கட்டும்.